விரல் சுளுக்கு: "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லை" என்று சொன்ன பிறகு

படித்துக்கொண்டே ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். இடது கை விரல்களை நேராக நீட்டுங்கள். வலது கையால் இடது ஆள்காட்டி விரலைப் பிடித்து மெதுவாகப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். விரல் உள்ளங்கையோடு சேரும் அந்தப் பெரிய மூட்டில் நன்றாகவே ஆடும். இப்போது அதே மூட்டை 90 டிகிரி மடக்கிக்கொண்டு மறுபடி ஆட்டிப் பாருங்கள். அநேகமாக அசையாது. தாழ்ப்பாள் போட்ட மாதிரி நிற்கும்.

மூட்டு ஒன்றுதான். அதன் இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் லிகமென்டும் அதேதான். நீட்டினால் தளர்வு, மடக்கினால் இறுக்கம். காரணம், அந்த மூட்டில் இருக்கும் எலும்பின் தலை சரியான உருண்டை இல்லை. உள்ளங்கைப் பக்கம் கொஞ்சம் புடைத்திருக்கும். மடக்கும்போது லிகமென்ட் அந்தப் புடைப்பைச் சுற்றிப் போக வேண்டியிருப்பதால் இழுபட்டு விறைத்துக்கொள்கிறது.

இந்த ஒரு விஷயம் புரிந்தால், கைவிரல் காயங்களைப் பற்றி மருத்துவப் புத்தகங்கள் சொல்வதில் பாதி புரிந்துவிடும். விரல் லிகமென்ட் காயத்தில் ஆபத்து இரண்டு திசையில் இருக்கிறது. ஒன்று, கிழிந்தது ஒட்டாமல் மூட்டு தளர்ந்து போவது. இன்னொன்று, ஒட்டும்போது சுருங்கி மூட்டு இறுகிப் போவது. எந்தக் காயம் எந்தத் திசையில் போகும் என்று கண்டுபிடிப்பதுதான் வைத்தியத்தில் முக்கால்வாசி.

எங்கள் வீட்டிலேயே இரண்டுக்கும் உதாரணம் உண்டு. சித்தி ஸ்கூட்டரோடு சாய்ந்து விழுந்தபோது வலது கட்டைவிரல் வீங்கியது. எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பு நல்லா இருக்கு, வெறும் சுளுக்குதான்" என்று கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பிவிட்டார்கள். நாலு மாதம் கழித்தும் அவரால் பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை. பெரியப்பா மகனுக்கு நேர் எதிர். டென்னிஸ் பந்தை கேட்ச் பிடிக்கப் போய் மோதிர விரலின் நடு மூட்டில் அடி. ஐந்து வாரம் விரலை மடக்கிய நிலையிலேயே கட்டி வைத்திருந்தார்கள். வலி போய்விட்டது, ஆனால் விரல் இன்றுவரை முழுசாக நீளவில்லை. ஒருவருக்குக் கட்டு போதவில்லை. இன்னொருவருக்குக் கட்டு அதிகம்.

இது எப்படி என்று தேடிப் படித்ததில் சேர்ந்த குறிப்புகள்தான் இவை. நான் மருத்துவர் இல்லை. உங்கள் விரலைத் தொட்டுப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியது அவர்கள்தான். ஆனால் அவர்களிடம் என்ன கேட்பது, எவ்வளவு சீக்கிரம் போய்க் கேட்பது என்பது நம் கையில் இருக்கிறது.

முதலில் பெயர்க் குழப்பம்

எலும்பையும் எலும்பையும் பிணைப்பது லிகமென்ட். தசையை எலும்போடு பிணைப்பது டெண்டன். லிகமென்ட் மூட்டை விலகாமல் பிடித்துக்கொள்கிறது. டெண்டன் மூட்டை அசைக்கிறது. பத்திரிகைகளில் இரண்டுக்குமே "தசைநார்" என்று எழுதிவிடுகிறார்கள். பேச்சுவழக்கில் "ஜவ்வு கிழிஞ்சிடுச்சு" என்போம்; அதுவும் பல சமயம் இரண்டையும் குறிக்கும். இந்தக் கட்டுரையில் குழப்பம் வராமல் இருக்க லிகமென்ட், டெண்டன் என்றே எழுதுகிறேன்.

ஒரு கையில் மணிக்கட்டையும் சேர்த்து 27 எலும்புகள். மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. விரல்களுக்குள் அவற்றை அசைக்கும் தசை கிடையாது. அந்தத் தசைகள் எல்லாம் உள்ளங்கையிலும் முன்கையிலும் இருக்கின்றன. அங்கிருந்து டெண்டன்கள் கயிறு மாதிரி வந்து விரலை இழுக்கின்றன. முழங்கால் என்றால் சுற்றியிருக்கும் பெரிய தசைகள் கொஞ்சமாவது மூட்டைத் தாங்கும். விரல் மூட்டுக்கு அந்த வசதி குறைவு. பக்கவாட்டில் வளையாமல் நிற்க அது பெரும்பாலும் லிகமென்டையே நம்பியிருக்கிறது.

லிகமென்ட் காயத்தை வழக்கமாக மூன்று நிலையாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் நார்கள் இழுபட்டு வலிக்கும், மூட்டு உறுதியாக இருக்கும். இரண்டாம் நிலையில் பாதி கிழிந்திருக்கும், மூட்டு கொஞ்சம் ஆடும், ஆனால் ஓர் இடத்தில் தடுத்து நிற்கும். மூன்றாம் நிலையில் முழுசாக அறுந்திருக்கும், தடுத்து நிறுத்த எதுவும் இருக்காது. "சுளுக்கு" என்ற ஒரே சொல்லில் நாம் இந்த மூன்றையும் போட்டு அடைத்துவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இதில் ஒரு விசித்திரமும் உண்டு: முழுசாக அறுந்த லிகமென்ட், பாதி கிழிந்ததைவிடக் குறைவாக வலிக்கலாம். இழுபடுவதற்கு அங்கே நார் மிச்சமில்லை. அதனால் "வலி குறைஞ்சிடுச்சு, சரியாயிடுச்சு" என்ற கணக்கு எப்போதும் சரியாக வராது.

எக்ஸ்ரே ஏன் சொல்லவில்லை

எக்ஸ்ரே கதிரை நன்றாகத் தடுப்பது எலும்பில் இருக்கும் கால்சியம். லிகமென்ட் என்பது பெரும்பாலும் கொலாஜன் நாரும் தண்ணீரும்தான். கதிர் அதைக் கடந்து போய்விடும். ஆக, சாதாரண எக்ஸ்ரே படத்தில் லிகமென்ட் நல்லா இருந்தாலும் தெரியாது, அறுந்திருந்தாலும் தெரியாது.

அதற்காக எக்ஸ்ரே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. கட்டாயம் வேண்டும். லிகமென்ட் சில சமயம் தான் அறுவதற்குப் பதில், தான் ஒட்டியிருந்த எலும்பின் ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு வரும். அந்தச் சில்லு படத்தில் தெரியும். மூட்டு நகர்ந்திருந்தால் தெரியும். எலும்பு முறிவு இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் மூட்டை வளைத்துச் சோதிக்கவும் முடியும்.

"எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லை" என்பதற்கு "எலும்பில் ஒன்றும் இல்லை" என்று மட்டும்தான் பொருள். அங்கிருந்துதான் லிகமென்ட் சோதனை தொடங்க வேண்டும். அதற்கு முதல் கருவி மருத்துவரின் கை. அடிபட்ட மூட்டை மெதுவாக வளைத்து, அடிபடாத கையின் அதே மூட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இந்த ஒப்பீடு ரொம்ப முக்கியம். சிலருக்குப் பிறவியிலேயே மூட்டுகள் தளர்வாக இருக்கும். அவர்களுக்கு எது இயல்பு என்பதை இன்னொரு கைதான் சொல்லும். அதற்கு மேலும் சந்தேகம் என்றால் அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ.

கட்டைவிரல்: தானாக ஒட்டாத கிழிசல்

இந்தப் பட்டியலில் நான் அதிக நேரம் செலவழித்தது இதில்தான். கட்டைவிரலின் அடி மூட்டில், ஆள்காட்டி விரலைப் பார்த்த பக்கத்தில் ஒரு லிகமென்ட் இருக்கிறது. சாவி திருப்புவது, பாட்டில் மூடி திறப்பது, பேனா பிடிப்பது, சப்பாத்தி பிய்ப்பது என்று கட்டைவிரலை ஆள்காட்டி விரலுக்கு எதிராக அழுத்தும் எந்த வேலையிலும் அந்த அழுத்தத்தைத் தாங்குவது இதுதான். இது போனால் கட்டைவிரல் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கொடுத்துவிடும். பிடி நிற்காது.

1955-ல் கேம்பெல் என்ற அறுவை மருத்துவர் இந்தக் காயத்தை ஸ்காட்லாந்தின் வேட்டைக்காட்டுக் காவலர்களிடம் பார்த்து எழுதினார். அடிபட்ட முயல்களின் கழுத்தை முறிக்க அவர்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பயன்படுத்தும் முறையில், அந்த லிகமென்ட் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இழுபட்டுத் தளர்ந்து போயிருந்தது. அதனால் இன்றும் இதற்கு "கேம்கீப்பர்ஸ் தம்ப்" என்று ஒரு பெயர். பிற்பாடு பனிச்சறுக்கு விளையாடுகிறவர்கள் கையில் கோலோடு விழும்போது ஒரே அடியில் இது அறுவது அதிகமாகி, "ஸ்கீயர்ஸ் தம்ப்" என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. நம் ஊரில் பனியும் இல்லை, முயல் காவலரும் இல்லை. ஆனால் இரு சக்கர வாகனம் இருக்கிறது. ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே விழுந்தால், கட்டைவிரல் கம்பியில் மாட்டி வெளிப்பக்கமாக விரிந்துவிடும். அதே லிகமென்ட், அதே காயம்.

இதில் பெரிய திருப்பம் 1962-ல் வந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த பெர்ட்டில் ஸ்டேனர், இந்த லிகமென்ட் சிலருக்கு எத்தனை வாரம் கட்டுப் போட்டாலும் ஏன் ஒட்டுவதில்லை என்பதற்கு விடை எழுதினார். லிகமென்டுக்கு மேலே, கட்டைவிரலை உள்ளே இழுக்கும் தசையின் தட்டையான படலம் ஒன்று விரிந்திருக்கிறது. கட்டைவிரல் பலமாக விரியும்போது லிகமென்ட் எலும்பிலிருந்து அறுந்து, அதன் நுனி அந்தப் படலத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே வந்துவிடுகிறது. விரல் பழைய நிலைக்குத் திரும்பும்போது படலம் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இன் பண்ணின சட்டை வெளியே வந்து பெல்ட்டுக்கு மேல் தொங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் சட்டை உள்ளே போகாது. அதே மாதிரி, எவ்வளவு நாள் கட்டுப் போட்டாலும் அறுந்த நுனி தன் எலும்பைத் தொடப் போவதில்லை. தொடாமல் எப்படி ஒட்டும்?

பாதி கிழிந்த லிகமென்ட் என்றால் அது இடத்திலேயேதான் இருக்கிறது. கட்டைவிரலின் நுனி மூட்டை விட்டுவிட்டு அடி மூட்டை மட்டும் அசையாமல் 4 முதல் 6 வாரம் ஸ்பிளின்ட்டில் வைத்தால் பெரும்பாலும் ஒட்டிவிடும். முழுசாக அறுந்து, நுனி வெளியே வந்து மாட்டிக்கொண்டிருந்தால் அறுவை சிகிச்சை தேவை. அதை முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் செய்வது நல்லது என்கிறார்கள். சொந்த லிகமென்டையே திரும்ப எலும்பில் பொருத்திவிடலாம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? மரத்துப் போக ஊசி போட்டோ போடாமலோ, மருத்துவர் அந்த மூட்டை மெதுவாக வெளிப்பக்கம் சாய்த்துப் பார்ப்பார். சுமார் 30, 35 டிகிரிக்கு மேல் சாய்ந்தாலோ, மற்றக் கட்டைவிரலைவிட 15 டிகிரிக்கு மேல் கூடுதலாகச் சாய்ந்தாலோ, கடைசியில் "டக்" என்று நிற்கும் இடமே இல்லை என்றாலோ முழுக் கிழிசல் என்று சந்தேகிப்பார்கள். நீங்களே வீட்டில் பலமாக வளைத்துப் பார்க்க வேண்டாம். பாதிக் கிழிசலை முழுக் கிழிசலாக்கிவிடுவீர்கள்.

சித்தி கை மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தபோது நாலு மாதம் ஓடியிருந்தது. அறுந்த நுனி சுருங்கிவிட்டதால் வேறு டெண்டனை எடுத்துப் புதிதாக லிகமென்ட் கட்டினார்கள். அதற்கு அடிக்கடி எடுப்பது மணிக்கட்டின் நடுவில் ஓடும் பால்மாரிஸ் லாங்கஸ் டெண்டன். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் தொட்டுக்கொண்டு மணிக்கட்டை லேசாக உள்ளே மடக்கினால் நடுவில் ஒரு கயிறு எழும்பி நிற்கும், அதுதான். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது, இல்லாததால் கைக்கு ஒரு குறையும் வராது. அதனால்தான் அதை எடுக்கிறார்கள். சித்தி இப்போது சாவி திருப்புகிறார். ஆனால் மூன்றாம் வாரத்திலேயே தெரிந்திருந்தால் இன்னும் சின்ன வேலையாக முடிந்திருக்கும்.

நடு மூட்டு: இறுகிப் போகும் விரல்

விரலின் நடு மூட்டு கதவுக் கீல் மாதிரி. மடங்கும், நீளும், பக்கவாட்டில் அசையாது. அதைச் சுற்றி ஒரு பெட்டி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கச் சுவரும் பக்க லிகமென்ட்கள். அடித்தளம், உள்ளங்கைப் பக்கம் இருக்கும் ஒரு தடித்த தட்டு. விரல் பின்பக்கமாக வளைந்துவிடாமல் தடுப்பது அதுதான். பந்து விரல் நுனியில் வந்து மோதி விரல் பின்னால் வளைந்தால், முதலில் அடி வாங்குவது இந்த அடித்தட்டு. மூட்டு முழுசாக நழுவ வேண்டும் என்றால் பெட்டியின் குறைந்தது இரண்டு பக்கமாவது உடைந்திருக்க வேண்டும்.

கிரிக்கெட், வாலிபால், பாஸ்கெட்பால் ஆடுகிறவர்களின் கைகளைப் பாருங்கள். நடு மூட்டு கொஞ்சம் பருத்த ஒரு விரலாவது இருக்கும்.

கட்டைவிரலுக்குச் சொன்னது இங்கே அப்படியே தலைகீழ். இந்த மூட்டு தளர்ந்து போவது குறைவு; இறுகிப் போவதுதான் அதிகம். அடித்தட்டு காயப்பட்டு ஆறும்போது சுருங்கும் குணம் உள்ளது. விரலை மடக்கிய நிலையில் வாரக்கணக்கில் கட்டி வைத்தால், அது சுருங்கிய நீளத்திலேயே ஆறிவிடும். பிறகு விரல் நீளாது. பெரியப்பா மகனுக்கு நடந்தது இதுதான்.

அதனால் மூட்டு நிலையாக இருக்கிறது என்று மருத்துவர் உறுதி செய்தால், சீக்கிரமே அசைக்கச் சொல்வார்கள். பக்கத்து விரலோடு சேர்த்து டேப் ஒட்டுவது வழக்கமான முறை. நடுவில் கொஞ்சம் பஞ்சோ துணியோ வைத்து, மூட்டுகள் மேல் ஒட்டாமல், மூட்டுக்கு மேலேயும் கீழேயும் ஒட்டுவார்கள். நல்ல விரல் அடிபட்ட விரலைத் தன்னோடு கூட்டிக்கொண்டு மடங்கும், நீளும். பக்கவாட்டில் சாய விடாது. 3 முதல் 6 வாரம். அடித்தட்டு அதிகம் அடிபட்டிருந்தால், விரலின் பின்பக்கம் ஒரு ஸ்பிளின்ட் வைத்து, கடைசி 20, 30 டிகிரி மட்டும் நீளாமல் தடுத்து, மடக்குவதை அனுமதிப்பார்கள். பிறகு அந்தத் தடையைப் படிப்படியாகக் குறைப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. இதே மூட்டின் மேல்பக்கத்தில் விரலை நீட்டும் டெண்டனின் நடுப்பட்டை வந்து ஒட்டுகிறது. அது அறுந்திருந்தாலும் முதல் சில நாள் வெறும் வீக்கமாகத்தான் தெரியும். விட்டுவிட்டால் சில வாரத்தில் நடு மூட்டு மடங்கி, நுனி பின்னால் வளைந்து, விரல் கோணலாகிவிடும். இதற்கு வைத்தியம் நேர் எதிர்: நடு மூட்டை முழுசாக நீட்டிய நிலையில் சுமார் 6 வாரம் வைக்க வேண்டும். பார்க்க ஒரே வீக்கம். ஒன்றுக்கு அசைக்கணும், இன்னொன்றுக்கு அசைக்கவே கூடாது. மூட்டின் முதுகுப் பக்கம் தொட்டால் வலிக்கிறது, மடக்கிய விரலை எதிர்ப்புக்கு எதிராக நீட்ட முடியவில்லை என்றால் அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது. இந்த மூட்டின் வீக்கம் வடிய ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம். கொஞ்சம் பருமன் நிரந்தரமாகவே நிற்கலாம். பழைய மோதிரம் போகாது. அது காயம் ஆறவில்லை என்பதற்கு அடையாளம் இல்லை.

சரி, ஆரம்பத்தில் செய்த சோதனை எதற்கு? கையில் மாவுக்கட்டு போடும்போது அடி மூட்டுகளை நன்றாக மடக்கியும், நடு மூட்டையும் நுனி மூட்டையும் நேராக நீட்டியும் வைப்பதற்குக் காரணம் அதுதான். அடி மூட்டில் மடக்கினால் லிகமென்ட் இழுபட்டு நீளமாக இருக்கும். அதற்கு மேல் சுருங்காது. நடு மூட்டில் நீட்டினால் அடித்தட்டு நீளமாக இருக்கும். ஒவ்வொரு மூட்டையும் அதன் லிகமென்ட் நீண்டிருக்கும் நிலையில் வைக்கிறார்கள். கட்டுப் போட்ட கை பார்க்க விநோதமாக இருந்தாலும் அதில் ஒரு கணக்கு இருக்கிறது.

மணிக்கட்டு: இரண்டு எலும்புக்கு நடுவே ஒரு சந்து

விழும்போது கையை ஊன்றினால் விரல் தப்பித்து மணிக்கட்டு மாட்டிக்கொள்ளும். அங்கே ஸ்கேஃபாய்ட், லூனேட் என்ற இரண்டு சின்ன எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட் அறுந்தால், இரண்டும் தனித்தனியாகத் திரும்ப ஆரம்பிக்கும். எக்ஸ்ரேயில் அவற்றுக்கு நடுவே சந்து 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் சந்தேகம். 1977-ல் ஃபிராங்கெல் என்ற மருத்துவர் இந்தச் சந்துக்கு, முன்பல் இடைவெளிக்குப் பேர்போன பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் டெரி தாமஸின் பெயரை வைத்தார். இன்றும் மாணவர்கள் அந்தப் பெயரில்தான் படிக்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், கையைத் தளர்வாக வைத்து எடுத்த படத்தில் இந்தச் சந்து தெரியாமலே போகலாம். முஷ்டியை இறுக்கிப் பிடித்து எடுத்தால்தான் விரியும். கவனிக்காமல் விட்டால் எலும்புகள் தப்பான கோணத்தில் உராய்ந்து, வருஷங்கள் கழித்து மணிக்கட்டுத் தேய்மானமாக வந்து நிற்கும்.

கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் இருக்கும் குழியில் வலி இருந்தால் அது ஸ்கேஃபாய்ட் முறிவாகவும் இருக்கலாம். அந்த முறிவு முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். 10, 14 நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னால், "காசு பிடுங்கறாங்க" என்று நினைக்காமல் எடுத்துவிடுங்கள்.

லிகமென்ட் வேஷத்தில் வரும் இரண்டு காயங்கள்

இவை டெண்டன் காயங்கள். ஆனால் எல்லோரும் "சுளுக்கு" என்றுதான் சொல்வார்கள் என்பதால் இங்கே சேர்க்கிறேன்.

பந்து நுனியில் பட்டு, விரல் நுனி தொங்கிப்போய், தானாக நீட்ட முடியவில்லை என்றால், நுனியை நீட்டும் டெண்டன் அறுந்திருக்கிறது. நுனி மூட்டை மட்டும் நீட்டிய நிலையில் ஸ்பிளின்ட்டில் 6 முதல் 8 வாரம், இரவு பகலாக. குளிக்கும்போது கழற்றி ஒருமுறை நுனி தொங்கிவிட்டாலும் நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்துதான்.

இரண்டாவது இதற்கு எதிர்ப்பக்கம். ஓடுகிறவரின் சட்டையைப் பிடித்து இழுக்கும்போது அவர் பிய்த்துக்கொண்டு ஓடினால், மடங்கியிருந்த நுனி பலவந்தமாக நீண்டு, மடக்கும் டெண்டன் எலும்பிலிருந்து பிய்ந்துவிடும். பெரும்பாலும் மோதிர விரலில். ரக்பியில் இது பிரசித்தம்; கபடி ஆடுகிற ஊரில் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டியது. அறுந்த டெண்டன் உள்ளங்கை வரைக்கும் சுருண்டு போய்விடலாம். அப்படிப் போனால் ஒரு வாரம், பத்து நாளுக்குள் அறுவை சிகிச்சை நடக்க வேண்டும். இதில் "ரெண்டு வாரம் பார்ப்போம்" என்பது கையை விட்டுவிடுவது மாதிரி.

முதல் ஒரு மணி நேரம்

மோதிரம் இருந்தால் உடனே கழற்றுங்கள், வீங்குவதற்கு முன்னால். மாட்டிக்கொண்டால் சோப்புத் தண்ணீர், அல்லது விரலைச் சுற்றி நூல் இறுக்கிச் சுற்றி மெதுவாக உருவும் முறை. அதற்கும் வராவிட்டால் வெட்டிவிடுவதே மேல். மோதிரத்தை ஆசாரியிடம் கொடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

ஐஸைத் துணியில் சுற்றி 10, 15 நிமிடம். கையை நெஞ்சு உயரத்துக்கு மேலே தூக்கி வையுங்கள். அசையாமல் ஏதாவது ஒரு பிடிமானம்.

இழுக்காதீர்கள். மைதானத்தில் ஒருவர் எப்போதும் இருப்பார்: "குடு, நான் இழுத்து விடறேன்." நடு மூட்டு சில சமயம் இழுத்தால் உள்ளே போய்விடுவது உண்மைதான், அந்தத் தைரியத்தில்தான் எல்லா விரலையும் இழுக்கிறார்கள். ஆனால் எலும்பு உடைந்திருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. விரலின் அடி மூட்டு நழுவியிருந்தால், நேராக இழுக்கும்போது அடித்தட்டு மூட்டுக்குள் போய் மாட்டிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு அறுத்துத்தான் எடுக்க முடியும். சும்மா விட்டிருந்தால் மருத்துவர் கையாலேயே சரி செய்திருப்பார்.

எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவதும் புதுக் காயத்துக்கு வேண்டாம். வீக்கம் கூடும். பத்துப் போட்டால் இதமாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் படலத்துக்கு வெளியே வந்துவிட்ட லிகமென்டை எந்தப் பத்தும் உள்ளே கொண்டு போகாது.

எப்போது போக வேண்டும், என்ன கேட்க வேண்டும்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் கடத்த வேண்டாம்:

- விரல் கோணலாக இருக்கிறது, அல்லது மடக்கும்போது பக்கத்து விரல் மேல் ஏறுகிறது.
- நுனியைத் தனியாக மடக்க முடியவில்லை அல்லது நீட்ட முடியவில்லை.
- கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தாளைப் பிடித்தால் நழுவிப் போகிறது.
- விரல் வெளுத்திருக்கிறது, மரத்திருக்கிறது, அல்லது தோல் கிழிந்து மூட்டு தெரிகிறது. இதற்கு அன்றே, அவசரப் பிரிவுக்கு.
- எக்ஸ்ரே நார்மல் என்று சொல்லி ஒரு வாரம், பத்து நாள் ஆகியும் பிடியில் பலம் வரவில்லை.

அங்கே போனதும் நான்கு கேள்வி கேளுங்கள். "லிகமென்ட் முழுசா கிழிஞ்சிருக்கா, பாதியா?" "இன்னொரு கையோட ஒப்பிட்டுப் பார்த்தீங்களா, டாக்டர்?" "எந்த மூட்டை அசைக்கக் கூடாது, எத்தனை நாள்? எந்த மூட்டை இன்னைக்கே அசைக்கணும்?" "திரும்ப எப்ப வரணும்?" நல்ல மருத்துவர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். கையை மட்டும் பார்க்கிற அறுவை மருத்துவர்களும், கைப் பயிற்சிக்கென்றே பிசியோதெரபிஸ்ட்களும் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் அவர்களிடம் போவது தப்பில்லை.

லிகமென்ட் மெதுவாக ஆறும் பொருள். முதல் சில நாள் வீக்கம், பிறகு சில வாரம் அவசரத்துக்குப் போட்ட ஒட்டு மாதிரியான நார், பிறகு மாதக்கணக்கில் அந்த நார் இழுவைக்கு ஏற்ப ஒழுங்காகிறது. அந்த ஒழுங்கு வருவதற்கு அளவான அசைவு வேண்டும். அதற்கு முன்னால், நார் தன் இடத்தைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். கட்டைவிரலில் அந்தத் தொடுதல் இருக்கிறதா என்று முதல் இரண்டு வாரத்துக்குள் பார்த்துவிடுங்கள். நடு மூட்டில் எப்போதிலிருந்து அசைக்கலாம் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.